பூப் பொறுக்கி முடிந்த பிறகுதான் வேலை

எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தைச் சுற்றி 2016-ல் நான் ஒரு மேடை போட்டேன். இந்தப் பங்குனியில் அதை நானே உடைத்தேன். போடுவதற்குப் பதினாலாயிரம் ஆனது. உடைத்து ஒழுங்காகக் கட்ட ஒன்பதாயிரத்துச் சொச்சம். இரண்டையும் கூட்டிப் பார்க்காதே என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஊர் காரைக்குடிப் பக்கம். அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அது பெரிய மரமாம். இப்போது நெஞ்சு உயரத்தில் நாடா பிடித்தால் சுற்றளவு ஏழடி இரண்டு அங்குலம். கிழக்குப் பக்கம் ஒரு சூலம், இரண்டு நாகர் கல். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு. முன்பெல்லாம் மரத்தைச் சுற்றி வட்டமாகச் செம்புராங்கல் அடுக்கி, உள்ளே வெறும் மண்தான் கிடக்கும். உட்கார்ந்தால் எறும்பு கடிக்கும், மழை பெய்தால் சேறு. எனக்கு வேலை கிடைத்த புதிது. ஆத்தாவுக்கு நம்மால் ஆனது என்று கல்லின் மேலேயே நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டு, வெள்ளை டைல்ஸ் பதித்து, அடிமரத்தை ஒட்டி ஒரு இடுக்கு இல்லாமல் சிமெண்டை இழுத்துவிட்டோம். பளபளவென்று இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அவர்கள் மரத்துக்கும் அதே டைல்ஸ் வாங்கிப் போட்டார்கள்.

பங்குனி 2. வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்திருந்தேன். மாசியில் இலை கொட்டிய மரம் துளிர்த்துக்கொண்டிருந்தது. வேம்பின் கொழுந்து முதலில் பச்சையாக வருவதில்லை, செம்பு நிறத்தில் வரும். காலை ஏழு மணி வெயில் பின்னாலிருந்து விழுந்தால் விளக்கேற்றியது போல இருக்கும். அதைப் படம் எடுக்கத்தான் போனேன். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மேற்குக் கிளை மட்டும் விளக்குமாறு மாதிரி வெறுங்குச்சியாக நின்றது.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். சிமெண்ட் தொடும் இடத்தில் அடிமரம் பிதுங்கி வெளியே வழிந்திருந்தது, அரைஞாண் இறுகிப்போன குழந்தையின் இடுப்பு மாதிரி. பட்டையைத் தொட்டால் ஈரம். ஒரு பக்கம் கரையான் மண் ஏறியிருந்தது. மேடையில் விழும் தண்ணீர் எல்லாம் டைல்ஸ் சரிவில் ஓடி அடிமரத்தில் போய்த் தேங்கியிருக்கிறது, எட்டு ஒன்பது வருஷமாக.

கொத்தனார் அண்ணன் வந்து ஏணி போட்டு ஏறி, மேற்குக் கிளையின் பட்டையை அங்கங்கே நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கீழ்ப் பாதியில் பட்டைக்கு அடியில் பச்சை. மேலே போகப் போகப் பழுப்பு. "பாதி உசுரு இருக்கு தம்பி" என்றார். நீங்களும் எந்தக் கிளை பட்டுப்போனது என்று சந்தேகம் வந்தால் இப்படிப் பார்க்கலாம், கத்தி கூட வேண்டாம்.

வேருக்கும் மூச்சு விட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் காற்றைத்தான் அது எடுக்கிறது. மேலே கான்கிரீட் மூடினால் காற்றும் இறங்காது, மழையும் இறங்காது. 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது. நான் டைல்ஸ் போட்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து.

உடைப்பது என்று முடிவானதும் அப்பத்தா மூன்று நிபந்தனை போட்டார்.

ஒன்று, ஊரில் காப்புக் கட்டியாயிற்று. திருவிழா முடியும் வரை பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. ஆகவே மேற்குக் கிளையை இப்போது தொடக்கூடாது. இரண்டு, நாகர் கல்லையும் சூலத்தையும் அசைக்கக்கூடாது, அவற்றைச் சுற்றித்தான் வேலை. மூன்றாவதுதான் எங்களை ரொம்பப் படுத்தியது: தினமும் காலையில் அவர் வேப்பம்பூப் பொறுக்கி முடிக்கும் வரை உளி தொடக்கூடாது. சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கும், அதற்கப்புறம் வருஷம் பூராவும் ரசத்துக்கும் இந்த மரத்துப் பூதான். சிமெண்ட் தூசி விழுந்த பூவை அவர் அடுப்பில் ஏற்ற மாட்டார். கொத்தனார் ஆறு மணிக்கே வந்துவிடுகிறவர். முதல் இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரும் பொறுக்க வந்துவிட்டார், அப்போதுதான் சீக்கிரம் முடியும் என்று.

நாலாவதாக ஒரு நிபந்தனை மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சுண்ணாம்பு.

மறுபடி சிமெண்ட் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வட்டச்சுவர் மட்டும் சுண்ணாம்புக் கலவையில் கட்டலாம், உள்ளே மண். செட்டிநாட்டில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் கிடைப்பார்கள், அது எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு வசதி. ஆனால் சுட்ட கல்சுண்ணாம்பை வாங்கி நீற்றி ஊறப்போட வேண்டும். குறைந்தது பத்து நாள், அதிகமாக ஊறினால் இன்னும் நல்லது. அதனால் உடைக்கும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

நான் காணொளி பார்த்துத் தைரியமாகி, கொத்தனார் வரும் முன்னே ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் வாளியில் பாதி வரை கல்லைப் போட்டு, மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு உறுமல். ஆவி கிளம்பி, கல் வெடித்து, சோறு பொங்குவது மாதிரி பொங்க ஆரம்பித்தது. வாளியின் பக்கச் சுவர் இளகிச் சரிந்தது. முழங்கையில் ஒரு துளி தெறித்து இன்னும் தழும்பு இருக்கிறது. கண்ணில் விழுந்திருந்தால் இந்தப் பதிவை யாராவது எனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

முறை தலைகீழ். தண்ணீரை முதலில் தொட்டியிலோ இரும்பு டிரம்மிலோ நிரப்பிக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் விட வேண்டும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை மூன்றும் கட்டாயம். கொத்தனார் கையுறைக்கு உள்ளே தேங்காய் எண்ணெயும் தடவிக்கொள்வார். கொதி அடங்கியதும் குழைவாகக் கிளறி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி விட்டு, சாக்குப் போட்டு மூடினோம். பக்கத்திலேயே ஒரு பானையில் உடைத்த கடுக்காய் ஒரு கிலோ, கருப்பட்டி ஒரு கிலோ, இருபது லிட்டர் தண்ணீர். ஐந்தாம் நாள் அது புளித்து நுரைத்தபோது எழும்பிய வாடையில், பக்கத்து வீட்டு அண்ணன் வேறு எதுவோ என்று நினைத்து ஆவலாக எட்டிப் பார்த்தார்.

பங்குனி 8-ல் உடைப்பு. கொத்தனார் முதல் அடி அடிக்க மாட்டேன் என்றார். நானும் தயங்கினேன். அப்பத்தா சூடம் ஏற்றி, "ஒனக்குத்தான் செஞ்சோம், ஒனக்கே ஆகலைன்னா எடுத்துர்றோம்" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுத்தியலை வாங்கி ஒரு டைல்ஸின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். எண்பத்திரண்டு வயது. டைல்ஸ் இரண்டாகப் பிளந்தது.

கான்கிரீட் உடைக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு மணி நேர வேலை. வேர் மேலாக ஓடியிருக்கும் என்பதால் வேண்டாம் என்று வைத்தோம். உளியும் சம்மட்டியும்தான். ஓரத்திலிருந்து உள்ளே போனோம். அடிமரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது சம்மட்டியை வைத்துவிட்டுச் சின்னச் சுத்தியலுக்கு மாறினோம். இரண்டரை நாள் ஆனது.

கான்கிரீட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் கொத்தனார் கூப்பிட்டார். நூல் நூலாக வேர்கள், அந்தச் சிமெண்ட் முதுகிலேயே பின்னிக் கிடந்தன. ராத்திரி குளிர்ச்சிக்குக் கான்கிரீட்டின் அடியில் வியர்க்கும் ஈரத்தைத் தேடி மேலே வந்திருக்கின்றன. கீழே மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. நாலு அங்குலத்துக்கு மேலே நாங்கள் பால் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குள் இருந்து வந்தவை: உடைந்த வளையல், மூன்று அகல், துருப்பிடித்த பத்துப் பைசா, குங்குமப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை எண்ண முடியாத அளவு. மரத்திலிருந்து ஆணி மட்டும் பதினொன்று பிடுங்கினேன். வேண்டுதல் தொட்டில் கட்டிய நைலான் கயிறு இரண்டு இடத்தில் பட்டைக்குள் புதைந்துபோயிருந்தது. பருத்தித் துணியும் மஞ்சள் நூலும் ஒரு மழைக்காலத்தில் இற்று விழுந்துவிடுகின்றன, நைலான்தான் மரத்தை அறுக்கிறது. அறுத்து எடுத்தோம். இனிமேல் நூல்தான் என்று அப்பத்தா அறிவித்துவிட்டார், அரசாணை மாதிரி.

நைலானை அறுத்த கையோடு, போன ஆடிக்குக் கட்டிய சீரியல் செட் ஒயரையும் இழுக்கப் போனேன். அங்கேதான் அந்த நாலாவது நிபந்தனை.

ஒயரின் நுனி ஒரு கிளையிலிருந்து தலை உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ குப்பை சிக்கியிருக்கிறது என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தேன். சருகு, மரப்பட்டைத் துணுக்கு, எட்டுக்கால் பூச்சியின் வலை, எல்லாம் ஒன்றாகத் தொங்கும் ஒரு அழுக்குப் பை. கையை நீட்டியபோது பைக்குள்ளிருந்து வளைந்த மூக்கு ஒன்று வெளியே வந்தது. தேன்சிட்டு. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே வெயிலுக்கு மறைப்பாகச் சின்னத் தாழ்வாரம் கூட இறக்கியிருந்தது. எங்கள் வீட்டுத் தாழ்வாரம் ஒழுகுகிறது, அது வேறு கதை.

கூட்டைக் கட்டுவது பெண் சிட்டு. ஒட்டுவதற்கு வேறு பசை இல்லை, சிலந்தி நூல்தான். முட்டை பெரும்பாலும் இரண்டு, பொரிய இரண்டு வாரம் போல ஆகும். அப்புறம் குஞ்சு பறக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள். இதை ஒயரோடு அவிழ்த்து வேறு கிளையில் கட்டலாமா என்று கேட்டேன். இடம் மாறினால் தாய் கைவிட்டுவிடும், வேண்டாம் என்று கொத்தனாரே சொன்னார். தள்ளி நின்று போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பையின் வெளிப்புறத்தில் எங்கள் வேண்டுதல் நூலின் மஞ்சள் இழை இரண்டு பின்னியிருந்தது. அப்பத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். "புள்ளைக்குத்தானே கட்டுறோம். அவளும் புள்ளைக்குத்தான் கட்டியிருக்கா."

ஆக, ஒயர் அப்படியே. கூடு இருக்கும் தெற்குப் பக்கத்தில் உளிச் சத்தம் மதியம் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் விட்டு விட்டு. முதல் நாள் சிட்டு பறந்துபோய் முருங்கையில் உட்கார்ந்து திட்டியது. மறுநாள் எங்களைப் பழகிக்கொண்டு, நாங்கள் அடிக்க அடிக்கத் தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்த்தது.

பழைய செம்புராங்கல் வட்டம் டைல்ஸுக்கு அடியில் அப்படியே இருந்தது. பத்தடி அகல வட்டம், இரண்டு வரிசை. சிமெண்டைச் சுரண்டி எடுத்ததில் முப்பத்தெட்டுக் கல் தேறியது, புதிதாகப் பன்னிரண்டு வாங்கினோம். அடிமரத்திலிருந்து சுவர் வரை எந்தப் பக்கமும் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் மண். அதைக் கடப்பாரையால் ஆழமாகக் கிண்டவில்லை. குத்துக்கம்பியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஓட்டை போட்டு, அதில் மட்கிய சாணி எருவை நிரப்பினோம். பிதுங்கிய பட்டையைச் சுற்றி மண் ஏறாமல் ஒரு சாண் அளவுக்குத் தாழ்வாக விட்டோம். சுவரின் கீழ் வரிசையில் மூன்று கல்லுக்கு ஒன்று என்று இரண்டு விரல் இடைவெளி விட்டோம், மழைத் தண்ணீர் தேங்காமல் போக.

கலவை: ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு. தண்ணீருக்குப் பதில் கடுக்காய் ஊறல். செங்கல் தூள் சேர்ப்பது எடைக்காக இல்லை. சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தில் சேர்ந்து இறுகும். வெறும் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துத்தான் மெதுவாகக் கல்லாகும். சிமெண்ட் போல ராத்திரியோடு ராத்திரியாக இறுகிவிடாது. ஒரு வாரம் வெயில் நேரடியாகப் படாமல் ஈரச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத கலவை, நான் இரண்டாம் நாளே ஏறி உட்கார்ந்து ஒரு கல்லை அசைத்துவிட்டேன்.

இதற்கிடையில் மரம் தன் வேலையை நிறுத்தவில்லை. பங்குனி நடுவில் பூ உச்சத்துக்கு வந்தது. அரிசிப்பொரி அளவுதான் இருக்கும் ஒரு பூ. ஐந்து வெள்ளை இதழ், நடுவில் ஒரு குழல். தனியாக எடுத்து முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் மரத்தடியில் நின்றால் தேன் வாசனையும் லேசாக மல்லிகை வாசனையும் கலந்து தலையில் இறங்கும். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். வேம்பு என்றால் கசப்பு என்று மட்டும்தான் வைத்திருந்தேன்.

அப்பத்தா இருட்டியதும் அப்பச்சியின் பழைய வேட்டியைச் சுவருக்கு வெளியே விரிப்பார். காலையில் அது பாதி மறைந்திருக்கும். எறும்பையும் காம்பையும் புடைத்து எடுத்து, முறத்தில் பரப்பி, வெயிலில் இரண்டு நாள். காய்ந்தால் பழுப்பாகிச் சுருங்கிவிடும். பதினாறு நாள் பொறுக்கியது கடைசியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத்தான் தேறியது.

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் ஆத்தாவே பச்சைப் பட்டினி கிடப்பாள், பக்தர்களுக்காக. அந்த நாட்களில் அவளுக்கு நீர்மோர், பானகம், இளநீர் மாதிரியானவைதான் நைவேத்தியம். அப்போதுதான் பூச்சொரிதலும். ஊர் ஊராகத் தட்டுத் தட்டாகப் பூ போகும். அப்பத்தாவுக்கு இந்த வருஷம் முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. காரைக்குடி முத்துமாரியம்மன் பால்குடத்துக்குக் கூடப் போகவில்லை. அதுபற்றி ஒரு நாள் புலம்பிக்கொண்டே பூப் பொறுக்கினார். நான் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தேன். நாகர் கல்லின் தலை, சூலம், ஈரச்சுவர், கொத்தனாரின் தலைப்பாகை, என் மடிக்கணினி, அப்பத்தாவின் முதுகு, எல்லாவற்றின் மேலும் பூ விழுந்துகொண்டிருந்தது. யாரும் தட்டு எடுத்து வரவில்லை. அவரிடம் அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், "இவ ராவும் பகலும் சொரிஞ்சுக்கிட்டே இருக்கா, எடுக்க நமக்குத்தான் கையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கைப்பிடிக்குக் குனிந்தார். எனக்கு சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு நான்தான் ஏற்றினேன்.

ஈரக் கலவையில் விழுந்த பூவை என்ன செய்வது என்பது நிஜமான பிரச்சினை. ஒட்டிக்கொண்டு காய்ந்தபின் பொடியாகி உதிர்ந்து, அங்கங்கே கடுகு அளவு குழி விடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றை எடுப்பதற்குள் நாலு விழுந்தது. கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டே, "விடுங்க தம்பி, இடிஞ்சா விழுந்துரப் போகுது?" என்றார். விட்டுவிட்டேன். கிழக்குப் பக்கச் சுவரில் கையால் தடவினால் இப்போதும் அந்தக் குழிகள் தெரியும்.

பங்குனி 23-ல் சிட்டுக் கூட்டிலிருந்து சத்தம் வந்தது. சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது, குண்டூசி விழுவது மாதிரி ஒன்று. அப்புறம் ஆணும் வந்து போக ஆரம்பித்தது. இரண்டும் மாறி மாறிப் புழுவும் சிலந்தியும் கொண்டு வந்தன.

சித்திரை ஒன்று. மண் மேல் நாங்கள் கூட்டி வைத்திருந்த வேப்பஞ்சருகையே திரும்பப் பரப்பிவிட்டோம், ஈரம் காக்க. அப்பத்தாவுக்குக் குப்பை மாதிரி தெரிகிறது என்று மனத்தாங்கல்தான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு வைக்க மட்டும் சூலத்தின் முன்னால் ஒரு தட்டைக் கல். அம்மா நெய்யில் பூவைக் கருகாமல் வறுத்துப் புளியும் வெல்லமும் போட்டுப் பச்சடி வைத்தார். முதல் கரண்டி இலையில் மரத்துக்கு. இரண்டாவது கொத்தனாருக்கு. அவர் தின்றுவிட்டு, பக்கத்துத் தெரு டைல்ஸ் மேடைக்காரர் நேற்று வந்து விசாரித்தார் என்று சொன்னார்.

மேற்குக் கிளையின் மேல் பாதி பட்டதுதான். திருவிழா முடிந்து, காப்பு அவிழ்த்ததும் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தைக் கிளையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒயர் இன்னும் தொங்குகிறது. காலையில் பார்த்தேன், வாசலில் இரண்டு வாய் திறந்திருந்தன.